மருந்துக்குப் பொருத்தம் பார்த்த தரகர்

ஓய்வு பெற்ற டாக்டரைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்பது ஆபத்தான காரியம். நாலு வார்த்தையோடு நிறுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதிலும் எங்கள் நரம்பியல்காரர்கள் இருக்கிறார்களே, திரையில் மூளையைப் போட்டு, விளக்கை அணைத்து, கடைசி வரிசை வரைக்கும் தூங்க வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் படம் எதுவும் கொண்டுவரவில்லை. கும்பகோணத்துக் கல்யாணத் தரகர் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன். அவரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், நடுவில் நான் நிறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் கோவிந்தராஜ். மன்னார்குடியிலிருந்து மாயவரம் வரைக்கும் எந்த வீட்டில் எந்தப் பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள், என்ன நட்சத்திரம், அந்த வீட்டுச் சித்தப்பா யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையில் மெல்ல ஓட்டை விழத் தொடங்கியபோது முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளையை, சொன்னதை மறந்து, அதே வீட்டுக்கு மறுபடியும் கொண்டுபோயிருக்கிறார். இரண்டாம் தடவை இன்னும் உற்சாகமாகப் புகழ்ந்திருக்கிறார். அவர்களும் சரி என்று சொல்லி, கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்துவிட்டது. மறதியால் ஒரு தொழில் விருத்தியானதை நான் அந்த ஒரு தடவைதான் கேள்விப்பட்டேன்.

அடுத்தது அவ்வளவு நல்லபடியாகப் போகவில்லை. பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய ஆட்களோடு, இவரையும் கூட்டிக்கொண்டு, இவர் சொன்ன மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். காபி கொண்டுவந்தது மாப்பிள்ளையின் மனைவி. அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே நம் கோவிந்தராஜ்தான். "என்ன மாமா, யாருக்கு மாப்பிள்ள பாக்க வந்துருக்கீங்க?" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவரிடம் கேட்டிருக்கிறாள். மறுவாரம் அவருடைய மனைவி தனலட்சுமி அவரைத் தஞ்சாவூருக்கு, எங்கள் நினைவாற்றல் பிரிவுக்கு அழைத்து வந்துவிட்டார்.

பரிசோதனைகளை நீளமாகச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஸ்கேன் எடுத்தோம், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தோம். ஆரம்ப நிலை அல்சைமர். அதை அவரிடமே சொன்னேன். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுக் குடும்பத்திடம் மட்டும் கிசுகிசுக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது, உங்களில் யாராவது அப்படிச் செய்தால் சண்டைக்கு வருவேன்.

"தொழில விட்டுட்டேன் டாக்டரம்மா. ஒரு பொண்ணோட வாழ்க்கைல போய்க் கொழப்பக் கூடாது. அது போகட்டும்," என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் தலையால் காட்டினார். "இவள மறந்துரக் கூடாது. அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க."

தனலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் புது ஊசிகளைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். கோவிந்தராஜின் மகன் பிரபு துபாயில் இருந்தார், மகள் கவிதா சிங்கப்பூரில். இருவரும் வீடியோ காலில் வந்தார்கள். மகனுக்கு ஒரு ஊசி, மகளுக்கு இன்னொரு ஊசி. இரண்டு பேரும் மாற்றி மாற்றி எனக்கு அனுப்பிய கட்டுரைகளில் என் போன் சூடேறிவிட்டது. மருந்தில் தொடங்கிய பேச்சு, போன பொங்கலுக்கு யார் ஊருக்கு வரவில்லை என்பதில் போய் நின்றது. மருந்தை ஒப்பிடுகிற குடும்பம் உண்மையில் எதை ஒப்பிடுகிறது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி நேரம் அது மருந்தாக இருக்காது.

சண்டை உச்சத்தில் இருந்தபோது கோவிந்தராஜ் கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க. வரன் ரெண்டு வந்துருக்கு. விசாரிக்க வேண்டியது நானு. டாக்டரம்மா, மொத வரன் பேரு என்ன?"

"லெகனமாப்."

"ரெண்டாவது?"

"டோனனமாப்."

"அண்ணன் தம்பி மாதிரில்ல இருக்கு."

"ஒரே வம்சந்தான்," என்றேன். எனக்கும் விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. "மூளைல ஒரு புரதக் கசடு படியுது. அத அள்ளி வெளியேத்துறதுதான் ரெண்டு பேருக்கும் வேலை."

"வீட்டுக்கு எப்பப்ப வருவாங்க?"

"மொத ஆளு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ. ரெண்டாவது ஆளு மாசத்துக்கு ஒரு தடவ. கசடு போயிருச்சுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா, ரெண்டாவது ஆள அத்தோட நிறுத்திக்கலாம்."

"வேலை முடிஞ்சா கெளம்பிருவாரு. நல்ல கொணந்தான். சம்பாத்தியம்?"

இந்த இடத்தில்தான் நம்மில் பலருக்கு நாக்கு வழுக்கும். நோயின் வேகம் குறையும் என்று நாம் சொன்னால் மறதி குறையும் என்று அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நாமும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனமில்லாமல் விட்டுவிடுவோம். நான் நிதானமாகச் சொன்னேன். "போனது திரும்பி வராது. நோயும் நிக்காது. போற வேகம் கொஞ்சம் மட்டுப்படும். அந்தக் கொஞ்சம் கூட இருக்குறவங்களுக்கே தெரியாமப் போகலாம்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"சுமாரான சம்பாத்தியம்," என்றார் கோவிந்தராஜ். "தரகன் வாயில விழுந்தா இதே லட்சக்கணக்குல ஏறிரும். சரி, கோவம் எப்படி?"

சிலருக்கு மூளையில் வீக்கம் வரும், சின்னச் சின்ன ரத்தக்கசிவு வரும், பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆனால் சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம் என்று சொன்னேன். இரண்டு மருந்துக்கும் அந்தக் குணம் உண்டு. இரண்டாவதுக்குச் சற்றுக் கூடுதல் என்றுதான் தெரிகிறது.

"தெரியுதுன்னா? ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் பாத்தாங்களா?"

நான் அசந்துபோனேன். மாநாடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்காமல் டீ குடிக்கப் போய்விடுவார்கள். "இல்ல. தனித்தனியா நடந்த ஆராய்ச்சி. அதுல சேந்த நோயாளிங்களும் ஒரே மாதிரி கெடையாது."

"அப்ப ரெண்டு போட்டோவும் ரெண்டு ஸ்டூடியோவுல எடுத்தது. எவன் ஒசரம்னு அத வச்சு அடிச்சுப் பேசக் கூடாது," என்றார் அவர்.

அந்த வீக்கம் யாருக்கு அதிகம் வரும் என்று அறிய ஒரு மரபணுச் சோதனை உண்டு என்றதும் அவருக்கு ஒரே குஷி. "பாத்தியா தனம், இதுக்கும் ஜாதகம் இருக்கு." சோதனை முடிவு வந்தபோது அந்த மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அவருக்கு வந்திருந்தது. ஒற்றைத் தோஷம் என்று அவரே பெயர் வைத்தார். அம்மா வழியா அப்பா வழியா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது, அதில் நான் கலந்துகொள்ளவில்லை.

கடைசியில் அவர் முதல் வரனைத் தேர்ந்தெடுத்தார். தோஷம் இருக்கிற வீட்டுக்குக் கோபக்கார மாப்பிள்ளை வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறுவதில் ஒன்றும் தேய்ந்துவிடாது என்றார். இதே கேள்விகளை இன்னொருவர் கேட்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற மருந்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். துணைக்கு ஆள் இல்லாமல் வேதாரண்யத்திலிருந்து வருகிறவருக்கு அதுவே சரியாக இருக்கலாம்.

எச்சரிக்கைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னேன். இந்த மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி உள்ளே போகக் கூடாது. பக்கவாதம் மாதிரி ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் இந்த மருந்தால் வரும் வீக்கமும் பக்கவாதம் மாதிரியே வேஷம் போடும். அந்த நேரத்தில் கரைக்கிற ஊசி போட்டால் மூளைக்குள் ரத்தம் கொட்டிவிடலாம். இதையெல்லாம் அச்சிட்ட ஒரு கார்டும் கொடுத்தேன். கோவிந்தராஜ் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார்.

"தனம், கேட்டுக்க. இந்த ஊசிக்கும் அந்தக் கரைக்கிற ஊசிக்கும் பொருத்தம் கெடையாது. எவ்வளவு பெரிய மனுசன் வந்து நல்ல சம்பந்தம்னு சொன்னாலும் சரி, பொருத்தம் இல்லன்னு சொல்லிரு."

"சரிங்க," என்றார் தனலட்சுமி.

அவருடைய அந்த ஒரு வரிக்கு முன்னால், நான் எழுதி வைத்து ஒத்திகை பார்த்த விளக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

சில ஊசிகள் நல்லபடியாகப் போயின. பிறகு ஒரு முகூர்த்த நாள். எங்களிடம் நீண்ட காலம் வேலை பார்த்த நர்ஸின் மகனுக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். நான் பட்டுப்புடவை கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்து, கையில் அட்சதையோடு தயாராக இருந்தேன். சரியாகக் கெட்டி மேளம் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. தனலட்சுமி.

நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. துண்டு துண்டாகத்தான் கேட்டது. "காலைல பல்லு வெளக்கும்போது... வாய் கோணிருச்சு... பேச்சு கொழறுது... இங்க ஆஸ்பத்திரில ஊசி கலக்குறாங்க... நான் பொருத்தம் இல்லன்னு சொல்லிட்டேன்... டாக்டர் தம்பி கோச்சுக்குறாரு..."

எழுந்து நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"பொருத்தம் இல்லைன்னு அடிச்சுச் சொல்லுங்க. விடாதீங்க. நடக்க விடாதீங்க."

தாலி கட்டி முடிந்து மேளம் பட்டென்று நின்ற அந்த நொடியில்தான் இது முழுதாக மண்டபத்தில் ஒலித்தது. மணமேடையில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. மாப்பிள்ளையின் கை இன்னும் மூன்றாம் முடிச்சிலேயே இருந்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். விளக்கம் சொல்ல நேரமில்லை. அட்சதையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் கொட்டிவிட்டுக் கை கழுவும் இடத்துக்கு ஓடினேன்.

கும்பகோணத்தில் அந்தப் பக்கம் நடந்தது பிறகுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாய் கோணல், வலது கையில் வலுவில்லை, சர்க்கரை சரி, சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, நேரமும் கடந்துவிடவில்லை. பாடப் புத்தகம் சொல்கிறபடி ஊசியைக் கலக்கியிருக்கிறார். வேறு ஊசி ஏதாவது போடுகிறார்களா என்று கேட்டிருக்கிறார். தனலட்சுமி, "ஞாபகத்துக்கு ஊசி போடுறோம்," என்றிருக்கிறார். சத்து ஊசி என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். கார்டு எங்கே என்று கேட்கிறீர்களா? பீரோவில், நகைப்பெட்டிக்குள், மகா பத்திரமாக இருந்தது. முக்கியமான காகிதத்தை நம் ஊரில் அப்படித்தான் வைப்பார்கள், அடுத்த தடவை கார்டு கொடுக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

"கையெழுத்துப் போடுங்கம்மா, நேரமாகுது," என்றிருக்கிறார் டாக்டர்.

"அந்த ஊசி இவங்களுக்கு ஆகாது தம்பி."

"ஏன், அலர்ஜியா?"

"அதில்ல. பொருத்தம் இல்ல."

"அம்மா, ஜாதகம் பாக்குற நேரமா இது? இன்னும் கொஞ்ச நேரம் போனா கை போயிரும், பேச்சு போயிரும்."

"கை போனாலும் பரவால்ல. பொருத்தம் இல்லாதத நான் முடிக்க மாட்டேன்."

இதற்குமேல் அந்தப் பையன் என்ன செய்வான், சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் நம்மிடம் ஆகாது என்கிறார்கள். கத்தரிக்காய் ஆகாது, செவ்வாய்க்கிழமை ஆகாது, சிவப்பு மாத்திரை ஆகாது. நாமும் தலையை ஆட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் அவன் கோபத்தில் ஒரு நல்ல காரியம் செய்தான். "யார் சொன்னது பொருத்தம் இல்லன்னு? அவங்களுக்கு போன் போடுங்க," என்று கத்தினான். ஜோசியரை எதிர்பார்த்த இடத்தில் நான் வந்தேன்.

"மேடம், ஊசி கலக்கியாச்சு," என்றான் போனை வாங்கி.

"கலக்குனத கீழ வைங்க தம்பி. அவர் அல்சைமருக்குப் புது மருந்துல இருக்காரு. மொதல்ல எம்.ஆர்.ஐ. எடுங்க."

அந்தப் பக்கம் உலோகத் தட்டில் எதையோ வைக்கும் ஒலி கேட்டது.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தைரியமாகப் பேசினேனே தவிர, எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது. அது நிஜமான அடைப்பாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் என் ஒரு வார்த்தையால் அவருடைய கையும் பேச்சும் போயிருக்கும், வாழ்நாள் முழுக்க அந்தப் பழி என் தலையில்தான். ஸ்கேன் முடிவுக்காகக் கை கழுவும் தொட்டியைப் பிடித்தபடி நின்றேன். யாரோ இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலையில் என்ன வைத்தார்கள், எதைத் தின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு தப்புகளில் எந்தத் தப்பை இவரால் தாங்க முடியும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். கை வலுவிழந்தாலும் மனிதர் உயிரோடு இருப்பார். தலைக்குள் ரத்தம் கொட்டினால் உயிரே மிஞ்சாது. நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான், அதற்குமேல் மூளை ஓடாது.

பாயசம் வரும்போது போன் வந்தது. "மேடம், அடைப்பு இல்ல. வீக்கம்," என்றான் அந்தப் பையன். நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் பாயசத்தில் ஏலக்காய் தூக்கலோ என்று கவலையோடு கேட்டார். பெண்ணின் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், அவர் பாதிதான் நம்பினார். இப்போது அந்தத் தம்பதிக்குள் சண்டை வந்தால், டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார்களே என்று பேசிக்கொள்கிறார்களாம்.

ஊசியை நிறுத்தினோம். வீக்கம் வடிந்து, சில வாரங்களில் கோவிந்தராஜுக்குப் பேச்சு திரும்பியது. அந்த இளம் டாக்டர் பிறகு தஞ்சாவூருக்கு வந்து என்னைப் பார்த்தார். யாராவது ஆகாது என்று சொன்னால் இப்போது ஏன் என்று கேட்பதோடு விடுவதில்லையாம், யார் சொன்னார்கள் என்றும் கேட்கிறாராம். உங்களுக்கும் நான் சொல்ல வந்தது அதுதான். மருந்தைப் பற்றி நீங்கள் எவ்வளவு அழகாக விளக்கினாலும், பதறுகிற நேரத்தில் ஒரு மனைவியின் வாயில் வரப்போவது அவர்கள் வீட்டுச் சொல்தான். அந்தச் சொல்லை நம் அறையிலேயே கண்டுபிடித்து அனுப்புங்கள். கோவிந்தராஜ் அதை எனக்காகச் செய்து கொடுத்தார், எல்லோரும் செய்து கொடுக்க மாட்டார்கள்.

இனி மாதத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசியைப் பார்க்கலாமா என்று சிங்கப்பூரிலிருந்து மகள் கேட்டாள். "ஒரே வம்சம்மா, வேணாம்," என்றார் அப்பா. நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். ஞாபகத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற பழைய மாத்திரைகள் மட்டும் தொடர்ந்தன. போட்ட சில ஊசிகளால் அவருக்கு ஏதாவது லாபம் உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக அவர் பரிசோதனைக்கு வந்தபோது, வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கிழமை தப்பு. மாதம் தப்பு. சொல்லச் சொன்ன வார்த்தைகளில் ஒன்று மட்டும் வந்தது. தனலட்சுமி மருந்துச் சீட்டில் முத்திரை வாங்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, கோவிந்தராஜ் என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு யாருங்க? லட்சணமா இருக்கு. கல்யாணம் ஆயிருச்சா?"

என் பேனா நின்றுவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும்போது அறையில் இருந்ததில்லை. தனலட்சுமி கதவுப் பிடியை விடாமல் நின்றார். பிறகு மெல்ல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏங்க, வரன் ஏதும் கைல வச்சுருக்கீங்களா?" என்றார்.

கோவிந்தராஜ் அவரையே பார்த்தார்.

"ஒண்ணு இருக்கு. நல்ல பையன். என்ன, கொஞ்சம் மறதி. பொண்ணு வீட்டுல சம்மதிக்கணும், அந்தப் பொண்ணு பேரு தனலட்சுமி," என்றார். அதற்குள் அவர் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கிவிட்டது.

தனலட்சுமி கையில் இருந்த பையால் அவர் தோளில் ஒரு போடு போட்டார். மருந்துச் சீட்டு, தண்ணீர் பாட்டில், பஸ் டிக்கெட் எல்லாம் தரையில் சிதறின. நான் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. தனலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கொழுப்பு இன்னும் எத்தன நாளைக்கு இருக்கும் டாக்டரம்மா?"

"தெரியலம்மா."

"சரி. இருக்குற வரைக்கும் அடிச்சுக்குறேன்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு போடு போட்டார்.